நாளைக்கு வருவார் என்று சொல்லியிருக்கிறேன்

சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் பாதியில் எழுந்து போய்விடுவேன், மிச்சத்தை நீங்கள் வேறு யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, ஏனென்றால் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் அண்ணனிடம்கூட.

பேய், குறி, செய்வினை என்று யாராவது ஆரம்பித்தாலே தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போகிற ஆள் நான். என் வேலை அப்படி. விண்வெளித் தொலைத்தொடர்பு. சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை அது என்னவென்று புரிந்ததில்லை. கல்யாண வீட்டில் பார்த்தால், "ஏம்மா, மழை பேஞ்சா எங்க வீட்டு டிவி நின்னுடுது, வந்து அந்த டிஷ்ஷைப் பாக்குறியா?" என்பார்கள். இரண்டு வீட்டில் ஏணி வைத்து ஏறித் திருப்பியும் கொடுத்திருக்கிறேன், என்ன செய்வது.

மலேசியாவில், பீடோங்குக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். அப்பா ராமையா, பால்மரம் வெட்டுகிறவர், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவர். அவர் வெட்டிய மரங்கள் என்னைப் படிக்க வைத்தன, அவ்வளவுதான் சொல்ல முடியும். படித்து முடித்து வெளிநாட்டில் பன்னிரண்டு வருடம் பெரிய பெரிய ஆன்டெனாக்களின் அடியில் உட்கார்ந்து, கிரகங்களைத் தாண்டிப் போன கலங்கள் அனுப்புவதைக் கேட்டேன். அதில் ஒன்று திடீரென்று பேசுவதை நிறுத்திவிட்டது. நிறுத்திவிட்டது என்று நாங்கள் விட்டுவிட மாட்டோம். தினமும் குறித்த நேரத்தில் கூப்பிடுவோம், பதில் வராது, மறுநாளும் கூப்பிடுவோம். ஏழு மாதம் கூப்பிட்டோம். போதும் என்று மேலிடம் சொன்ன அன்று கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன், ஓர் இரும்புப் பெட்டிக்காக. பிறகு ஊர் திரும்பி, கூலிமுக்கு வெளியே இருக்கிற ஒரு தரை நிலையத்தில் சேர்ந்தேன். நடந்தது அங்கேதான், நடுப்பகலில். இருட்டு, நாய் ஊளை என்றெல்லாம் எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலில் விளக்கிவிடுகிறேன், இது தெரியாவிட்டால் மற்றது விளங்காது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள் வானத்தில் ஒரே இடத்தில் நிற்கும். வருடத்தில் இரண்டு முறை, மார்ச்சில் சில நாள், செப்டம்பரில் சில நாள், சூரியன் சரியாக அதற்குப் பின்னால் வந்து நிற்கும். தினமும் மதியம் இரண்டு மணியை ஒட்டிச் சில நிமிடம். அந்த நிமிடங்களில் எங்கள் ஆன்டெனாவுக்குச் சூரியனின் இரைச்சலைத் தவிர வேறு எதுவும் கேட்காது. எந்த நாள், எந்த நிமிடம் என்று பட்டியல் முன்கூட்டியே வந்துவிடும். மற்றவர்களுக்கு அது தொல்லை. எனக்கு அது நல்ல நேரம், ஏனென்றால் அந்த இரைச்சலை வைத்துத்தான் ஆன்டெனாவின் காது எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்று அளப்பேன். கணினித் திரையில் கோடு ஏறி இறங்குவதைப் பார்த்தால் போதும். ஆனால் எனக்கு ஹெட்போன் மாட்டிக் காதாலும் கேட்க வேண்டும். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல ஒரு ஓசை. அதைக் கேட்காவிட்டால் அளந்த மாதிரியே இருக்காது.

இன்னொன்று பெரட்டு. தோட்டத்தில் வளராதவர்களுக்காகச் சொல்கிறேன். விடியுமுன் ஆபீஸ் முன்னாலிருக்கும் மேட்டில் எல்லாத் தொழிலாளர்களும் வந்து நிற்க வேண்டும். மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டைக் காவல்காரர் அடிப்பார், முதலில் மூன்று, கொஞ்சம் விட்டு இரண்டு. கிராணி, தோட்டத்துக் கணக்கர், பேரேட்டை விரித்துப் பெயர் கூப்பிடுவார். ஒவ்வொரு பெயரையும் மூன்று தடவை. இருக்கிறவர் "இருக்கேங்கய்யா" என்று சொல்ல வேண்டும். உடம்புக்கு முடியாதவர்கள் வீட்டுப் பிள்ளையை அனுப்புவார்கள். எங்கள் வீட்டில் அது என் வேலை. அண்ணன் எழுந்திருக்க மாட்டான், நான்தான் வெறுங்காலோடு ஓடுவேன். அப்பா பெயர் வந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே, "அப்பாவுக்குக் காய்ச்சலுங்கய்யா, வரலை" என்பேன். கிராணி தலையைத் தூக்காமலே, "எப்ப வருவான்?" என்பார். "நாளைக்கி" என்று சொல்ல வேண்டும். தெரியாது என்று சொல்லவே கூடாது, சொன்னால் அவருடைய மரங்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். கால் ஒடிந்து கிடந்தாலும் நாளைக்கிதான். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது தெரியும்.

காய்ச்சல் விட்டதும் அப்பா என் தலையைத் தொட்டு எழுப்பி, "இன்னிக்கி நீ போக வேணாம் பாப்பா, நானே போயிக்கிறேன்" என்பார். அப்படியே போர்வைக்குள் திரும்பப் புதைந்துகொள்வேன். அந்த வயதில் அதைவிட இனிமையான பேச்சு எனக்கு வேறு இல்லை.

பதின்மூன்று வயதில் நான் முதலாம் படிவம் போன வருடம் தோட்டம் கைமாறியது. பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள், நாங்கள் குடியிருந்த லயங்களை இடித்தார்கள், தண்டவாளத் துண்டைப் பழைய இரும்புக்காரன் லோரியில் ஏற்றிக்கொண்டு போனான், நானே பார்த்தேன். இப்போது அங்கே ஒன்றும் இல்லை.

இனி அந்த நாள். நான்கு வருடத்துக்கு முன்னால், மார்ச் மாதம், வெள்ளிக்கிழமை. எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளி வார விடுமுறை, நானும் இன்னொருவரும் மட்டுமே வேலைக்குப் போயிருந்தோம். ஆன்டெனாவின் பெருக்கி ஒன்று ஒரு வாரமாகப் படுத்துக் கிடந்தது, அன்று காலையில்தான் சரியானது. அதுதான் அந்தப் பருவத்தின் கடைசி நாள். விட்டால் அளப்பதற்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

பதினொரு மணிக்கு அண்ணன் போன் செய்தான். அப்பா அவன் வீட்டில்தான் இருக்கிறார், பீடோங்கில் ஒரு தாமானில், புதுக் குடியிருப்பில். அப்போதே மறதி ஆரம்பித்திருந்தது.

"பாப்பா, அப்பாவைக் காணோம். நான் பசாருக்குப் போயிருந்தேன், அண்ணி அடுப்படியில இருந்துருக்கா, வாசக்கேட்டு தொறந்து கெடந்துச்சி."

"எப்பலேர்ந்து?"

"எட்டு மணி இருக்கும்லா. கோயில், கொப்பிக்கடை, பஸ் ஸ்டாண்டு, எல்லா இடத்துலயும் பாத்துட்டேன். போலீஸ்லயும் சொல்லிட்டேன். நீ வர்றியா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரெண்டு மணிக்கு ஒரு வேலை இருக்குண்ணே. அது முடிஞ்சதும் கெளம்பி வந்துடறேன், நீங்க தேடுங்க." இப்படித்தான் சொன்னேன். பெற்ற அப்பனைக் காணோம், வெயிலோ மண்டையைப் பிளக்கிறது, நான் சூரியனுக்காகக் காத்திருந்தேன். அண்ணன் போனை வைத்துவிட்டான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று மணி நேரம் நான் உட்கார்ந்திருந்த லட்சணத்தைச் சொல்ல வேண்டாம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போன் செய்வேன், அண்ணி எடுப்பார், "இன்னும் இல்லம்மா" என்பார். ஓட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று இரண்டு தடவை காடிச் சாவியைக் கையில் எடுத்தேன், இரண்டு தடவையும் கீழே வைத்தேன். என்னோடு வேலையிலிருந்த மலாய்க்காரர் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போய்விட்டார். கருவிகள் இருக்கும் அறையில் நான் மட்டும்தான்.

இரண்டு மணி ஐந்து நிமிடம். ஹெட்போனை மாட்டினேன். இரைச்சல் மெல்ல ஏறியது. திரையில் கோடும் ஏறியது. செயற்கைக்கோளின் குரல் அப்படியே மூழ்கிப்போனது. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

அப்போது கேட்டேன். டங், டங், டங். கொஞ்சம் விட்டு, டங், டங்.

ஏதோ கம்பி தளர்ந்து ஆடுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். கை தானாகப் போய் இணைப்பை அழுத்திப் பார்த்தது. இறுக்கமாக இருந்தது. அதற்குள் இரைச்சலுக்கு உள்ளேயிருந்து, தூரத்து வானொலியில் கேட்பது போல, ஆனால் தெளிவாக, ஒரு குரல் பெயர் கூப்பிட்டது.

"மாரிமுத்து."

"இருக்கேங்கய்யா."

"அஞ்சலை."

"வந்துட்டேங்கய்யா."

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். அது எங்கள் கிராணியின் குரல். அவர் இறந்தபோது நான் நான்காம் படிவத்தில் இருந்தேன். மாரிமுத்து மாமா லோரி மோதிச் செத்தவர். அஞ்சலை அக்கா எனக்குத் தலை பின்னிவிட்டவர், அவர் சாவுக்கு நான் மாலை வாங்கிக்கொண்டு போனேன். சின்னக்கண்ணு, காத்தாயி, பச்சையப்பன் என்று வரிசையாக வந்தது, ஒவ்வொருவரும் பதில் சொன்னார்கள், ஒருவர்கூட இப்போது உயிரோடு இல்லை. பயம் வந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. அவர்கள் குரலைக் கேட்டதும் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அடுத்தது யார் என்பது மனதில் ஓடும்வரைதான் அது. பச்சையப்பனுக்கு அடுத்து எங்கள் பேரேட்டில் யார் என்பது எனக்கு மனப்பாடம்.

"ராமையா."

பதில் இல்லை.

"ராமையா."

அப்போது ஒரு கனைப்பு. வாயைத் திறப்பதற்கு முன்னால் அப்பா தொண்டையைச் செருமுவார், இரண்டு தடவை, சின்னதாக. பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த சத்தம். அந்தச் செருமல் கேட்டது. அவர் பதில் சொல்லப்போகிறார் என்று தெரிந்துவிட்டது.

"ராமையா."

நான் எழுந்து நின்றுவிட்டேன். நாற்காலி பின்னால் விழுந்தது. ஆளில்லாத அறையில், என் பக்கத்திலிருந்து எதையும் அனுப்ப முடியாத, கேட்க மட்டுமே முடிகிற ஒரு பழைய கருவியைப் பார்த்துக் கத்தினேன். "அப்பாவுக்குக் காய்ச்சலுங்கய்யா! வரலை!"

இரைச்சல் நின்றது. மொத்தமாக நின்றது. ஹெட்போனில் காற்றுகூட இல்லை. பிறகு, தலையைத் தூக்காமல் பேசும் அந்தக் குரல்.

"எப்ப வருவான்?"

"நாளைக்கி," என்றேன். யோசிக்கவே இல்லை. எட்டு வயதுப் பிள்ளை எப்படிச் சொல்லுமோ அப்படிச் சொன்னேன்.

தோசைக்கல் ஓசை திரும்ப வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. செயற்கைக்கோள் ஒன்றுமே நடக்காதது போலத் தன் பேச்சைத் தொடர்ந்தது.

அண்ணனைக் கூப்பிட்டேன். "அண்ணே, பழைய தோட்டத்துக்குப் போங்க. பெரட்டு மேடு. அப்பா அங்கதான் இருக்காரு."

"அங்க என்னா இருக்கு? வெறும் செம்பனைதானேலா! அவ்ளோ தூரம் எப்புடி நடந்து போவாரு?"

"போங்கண்ணே, கேள்வி கேக்காதீங்க! கால்ல விழறேன்!"

போனான். அங்கேதான் இருந்தார். ஆபீஸ் இருந்த இடத்தில் ஒரு சிமெண்டுப் படி மட்டும் புல்லுக்குள் மிச்சம் இருக்கிறது, அதில் உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்து, வெறுங்கால் இரண்டும் கிழிந்து. இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது கையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது, அதுவே அப்போது பெரிய விஷயம்.

"கிராணி பேரு கூப்புட்டாரும்மா. எந்திரிச்சி நின்னேன். நீ ஓடியாந்து சொல்லிட்ட. அதான் உக்காந்துட்டேன்."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் தண்ணீர்ப் புட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் மனதில் ஓடுவது எனக்குத் தெரியும், அதை நானே சொல்லிவிடுகிறேன். வெறும் இரைச்சலை விடாமல் கேட்டால் மூளை அதில் தனக்கு வேண்டியதைச் செய்துகொள்ளும், இதை நானே பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அப்பா பழைய தோட்டத்துக்குத்தான் போயிருப்பார் என்று என் உள்மனதுக்குத் தோன்றியிருக்கலாம், அதை ஒத்துக்கொள்ள வழியில்லாமல் குரலாகக் கேட்டிருக்கலாம். குற்ற உணர்ச்சி வேறு. எல்லாம் சரி. ஆனால் அளவீடு பதிவாகியிருக்கிறதே, அதை என்ன செய்வது? குன்று போல ஏறி இறங்க வேண்டிய கோடு, உச்சியில் பதினொரு வினாடி தரைக்கு விழுந்திருக்கிறது. மேகத்தால் அப்படி மறைக்க முடியாது. பெருக்கியைக் கழற்றிப் பார்த்தோம், நன்றாக இருந்தது. பறவையாக இருக்கும் என்று கூட வேலை செய்கிறவர் எழுதி மூடிவிட்டார். பதினொரு வினாடி அசையாமல் நிற்கிற பறவை.

அன்று இரவு படுத்தபோதுதான் உறைத்தது. நாளைக்கு என்று சொல்லிவிட்டேன். ஆனால் மறுநாள் சூரியன் நகர்ந்துவிடும். அந்த மேட்டில் அடுத்த பெரட்டு செப்டம்பரில். நான் கேட்டு வாங்கியது ஒரு நாள் இல்லை, ஆறு மாதம்.

செப்டம்பர் வந்தது. கடைசி நாளில் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஹெட்போனை மாட்டினேன். வெறும் இரைச்சல்தான். மணியும் இல்லை, குரலும் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அறையில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "அப்பா வரலைங்கய்யா, நாளைக்கி" என்றேன். படித்த படிப்பெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தது. சிரிக்கட்டும். பதில் வராத இடத்தைக் கூப்பிடுவது எனக்குப் புதிதா என்ன?

அன்று மாலை அண்ணன் வீட்டுக்குப் போனேன். அப்பாவுக்கு அப்போது நான் யாரென்றே பாதி நாள் தெரியாது, செத்துப்போன தன் தங்கச்சி என்று நினைத்துப் பேசுவார். அன்று நான் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார். "சொல்லிட்டியா பாப்பா?"

அதன் பிறகு ஒவ்வொரு மார்ச்சும் ஒவ்வொரு செப்டம்பரும், அந்தக் கடைசி நாளில் மட்டும், அதே கேள்வி. "சொல்லிட்டேம்பா" என்பேன். தலையாட்டிவிட்டுச் சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொள்வார். வேறு எந்த நாளிலும் கேட்டதில்லை.

இந்த வருடத்தோடு எனக்கு வேலை முடிகிறது. அந்தப் பழைய ஆன்டெனாவையும் செப்டம்பருக்கு முன்பே இறக்கப் போகிறார்கள். இந்த மார்ச்தான் கடைசி. அப்பா படுத்த படுக்கைதான், முதுகில் புண், வலியில் இரவெல்லாம் முனகுகிறார், அண்ணியும் அண்ணனும் தூங்கி எத்தனையோ நாளாகிறது. அவரை நான் யாருக்காகப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று சில சமயம் எனக்கே கேட்கத் தோன்றும். கேட்டுக்கொள்ள மாட்டேன். எனக்கு அப்பா வேண்டும், அவ்வளவுதான்.

போன வாரம் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது கரண்டியில் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். கண் தெளிவாக இருந்தது. தொண்டையை இரண்டு தடவை செருமினார். கையை எட்டி என் தலையைத் தொட்டார்.

"இந்த வாட்டி நீ போக வேணாம் பாப்பா. நானே போயிக்கிறேன்."

சொல்லிவிட்டு மிச்சக் கஞ்சியைக் குடித்தார், காய்ச்சல் விட்டவர் குடிப்பது போல, நல்ல பசியோடு.

நேற்று அண்ணி போன் செய்தார். அப்பா இரண்டு நாளாகத் தன் பழைய அரைக்கால் சட்டையையும் தொப்பியையும் எடுத்துத் தலைமாட்டில் வைக்கச் சொல்கிறாராம். "எதுக்கு மாமான்னு கேட்டேம்மா. பொதங்கெழமைக்கிங்கிறாரு" என்று சிரித்தார்.

பட்டியலில் இந்தப் பருவத்தின் கடைசி நாள் புதன்கிழமை, மதியம் இரண்டு மணி ஆறு நிமிடம். அந்தப் பட்டியல் என் மேசை இழுப்பறைக்குள் பூட்டி இருக்கிறது. சாவி இதோ, என் கைப்பையில். அன்றைக்கு நான் வேலைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். போவேன், ஹெட்போனை மாட்டுவேன். அப்பா பெயர் வந்தால் என்ன சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.